பிசின் போட்ட சேறு

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தாமிரபரணியைப் பார்த்திருக்கிறீர்களா? மற்ற நாட்களில் அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம் போல் ஓடுகிற ஆறு, அப்போது செம்மண்ணைக் கரைத்து ஊற்றியது போல் நுங்கும் நுரையுமாக வரும். குறுக்குத்துறை முருகன் கோயிலை வெள்ளம் சூழ்ந்துகொள்ளும். வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் வராத காலத்தில் அந்தத் தண்ணீரைத்தான் குடத்தில் மொண்டு வந்தார்கள். வந்ததும் எங்கள் ஆச்சி ஒரு வேலை செய்வாள். கஞ்சிக் கலயத்தின் மூடி மேல் கிடக்கும் ஒரு சிறு கொட்டையை எடுத்து, கரகரப்பான மண்சட்டியின் உட்புறத்தில் தண்ணீர் விட்டு நாலு தேய் தேய்த்து, அந்த விழுதைக் குடத்தில் கலந்து மூடி வைத்துவிடுவாள். “ஏலே, குடத்த ஆட்டாத. அது பாட்டுக்குக் கெடக்கட்டும்” என்பாள். சில மணி நேரம் கழித்துத் திறந்தால் சேறு அடியில் படிந்து, மேலே தண்ணீர் தெளிந்திருக்கும்.

அதுதான் தேற்றாங்கொட்டை. (தெளிந்த தண்ணீர் எல்லாம் நல்ல தண்ணீர் அல்ல. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதில் இருக்கும். காய்ச்சித்தான் குடிக்கவேண்டும்.) இந்தக் கொட்டை செய்கிற வேலைக்கு நேர் எதிரான வேலை ஒன்றை ஒரு மரப்பிசின் செய்யும். அந்தப் பிசினைக் கொண்டு எண்ணெய்க் கிணறு தோண்டும் கம்பெனியின் பெரிய சங்கடம் ஒன்றைத் தீர்த்து வைத்தார் ஓர் இந்திய வேதியியல் அறிஞர். இந்தக் கட்டுரை அவரைப் பற்றியது. ஆனால் அதற்கு முன் சேற்றைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

சேறு ஏன் அடியில் படிவதில்லை?

மணலைத் தண்ணீரில் போட்டால் உடனே மூழ்குகிறது. களிமண் மூழ்குவதில்லை. இரண்டும் ஏறக்குறைய ஒரே அடர்த்தி உள்ளவைதாம். வித்தியாசம் துகளின் அளவில் இருக்கிறது. களிமண் துகள் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குக்கும் குறைவான சின்னஞ்சிறு தகடு. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பில் ஸ்டோக்ஸ் விதி படிப்பீர்கள். ஒரு திரவத்தில் விழும் கோளத்தின் வேகம் அதன் விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும் என்பது அந்த விதியின் சாரம். அதன்படி கணக்குப் போட்டால், ஆயிரத்தில் ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள மண் துகள் 10 சென்டிமீட்டர் ஆழம் இறங்க 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதே துகள்கள் பல ஒன்றாக ஒட்டிக்கொண்டு பத்து மடங்கு விட்டமுள்ள உருண்டையாகிவிட்டால்? வேகம் நூறு மடங்கு. ஏறத்தாழ இருபது நிமிடத்தில் இறங்கிவிடும். உருண்டைக்குள் தண்ணீரும் சிக்கியிருக்குமாதலால் இன்னும் சற்று நேரம் ஆகலாம். அவ்வளவுதான்.

ஆகவே கேள்வி, துகள்கள் ஏன் தாமாகவே ஒட்டிக்கொள்வதில்லை என்பதுதான். களிமண் தகடுகளின் முகப்பில் எதிர்மின்னூட்டம் இருக்கிறது. எல்லாவற்றிலும் ஒரே வகை மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று விலக்குகின்றன. தேற்றாங்கொட்டையில் இருக்கும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் ஒரு துகளில் ஒரு நுனியும் அடுத்த துகளில் மறு நுனியுமாக ஒட்டி, பாலம் போட்டு, அவற்றைக் கூட்டிச் சேர்த்துவிடுகின்றன. இத்தகைய நீளச் சங்கிலி மூலக்கூறுகளைப் பாலிமர் என்றும், அவை உயிரிகளிலிருந்து கிடைத்தால் உயிரிப் பாலிமர் என்றும் சொல்கிறோம். ஸ்டார்ச், செல்லுலோஸ், பிசின், புரதம் எல்லாம் அந்த வகையைச் சேர்ந்தவை.

கொட்டை இல்லாமலே சேற்றைத் திரள வைக்க இன்னொரு வழி உண்டு. அதையும் நம் ஆறே காட்டுகிறது. தாமிரபரணி புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. ஆற்று நீர் உப்பு நீரைத் தொட்டதும் வண்டல் திரண்டு படிகிறது. உப்பிலுள்ள அயனிகள் துகளின் மின்னூட்டத்தைச் சூழ்ந்து மறைத்துவிடுகின்றன. விலக்கு விசை எட்டும் தூரம் சுருங்குகிறது. துகள்கள் மோதும்போது ஒட்டிக்கொள்கின்றன. கழிமுகங்களில் வண்டல் குவிவதற்கு, நீரோட்டத்தின் வேகம் குறைவதோடு இதுவும் ஒரு காரணம்.

உப்பு நீர் பட்டால் சேறு திரளும். இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டும்.

கப்பல் கிடைக்காத மாணவர்

சாந்தி ஸ்வரூப் பட்நாகர் 1894 பிப்ரவரி 21 அன்று, இப்போது பாகிஸ்தானில் இருக்கும் பேரா என்னும் ஊரில் பிறந்தார். எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோதே தந்தை இறந்துவிட்டார். தாய்வழிப் பாட்டனார் வீட்டில் வளர்ந்தார். பாட்டனார் ஓர் எஞ்சினியர். கருவிகளைப் பிரித்துப் பார்க்கும் ஆசை அங்கேதான் வந்தது போலும். 1911ஆம் ஆண்டில், பதினேழு வயதில், அலகாபாத்திலிருந்து வெளிவந்த ‘லீடர்’ பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். மின்கலத்தில் வைக்கும் கார்பன் தண்டுக்குப் பதிலாக, சர்க்கரைப் பாகின் கழிவையும் கரிப்பொருளையும் சேர்த்து அழுத்திச் சூடாக்கி ஒரு தண்டு செய்யலாம் என்பது அதன் பொருள். கருப்பட்டிப் பாகு காய்ச்சுவதைக் கண்டிருக்கும் உடன்குடிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு, பாகு கருகினால் எப்படிக் கரியாக இறுகும் என்று சொல்லவேண்டியதில்லை.

1919இல் லாகூரில் எம்.எஸ்ஸி. முடித்ததும் அமெரிக்காவில் மேற்படிப்புப் படிக்க உதவித்தொகை கிடைத்தது. இங்கிலாந்து வழியாகப் புறப்பட்டார். முதல் உலகப் போர் அப்போதுதான் முடிந்திருந்தது. அமெரிக்கா செல்லும் கப்பல்களில் எல்லாம் ஊர் திரும்பும் அமெரிக்கப் படைவீரர்கள்! இடம் கிடைக்கவில்லை. இலண்டனிலேயே தங்கி, பல்கலைக்கழகக் கல்லூரியில் டானன் என்னும் பேராசிரியரிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். 1921இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார். அவர் ஆராய்ந்த பொருள் பால்மம்.

பால்மம் என்றால் என்ன? ஒன்றில் ஒன்று கரையாத இரண்டு திரவங்களில், ஒன்று நுண்ணிய துளிகளாகப் பிரிந்து மற்றொன்றில் மிதப்பதையே பால்மம் என்கிறோம். எமல்ஷன் என்பதும் இதுதான். பால் என்பது நீரில் மிதக்கும் கொழுப்புத் துளிகள். வெண்ணெய் இதற்கு மாறானது. அதில் கொழுப்புதான் பரந்த வெளி, நீர்தான் துளி. பாலேட்டைக் கடையும்போது மத்துச் சுற்றச் சுற்ற, உள்ளே இருந்தது வெளியாகவும் வெளியே இருந்தது உள்ளாகவும் மாறுகிறது. இதைப் பால்மம் தலைகீழாதல் என்பார்கள்.

எண்ணெயும் நீரும் சேர்ந்திருக்க மூன்றாவதாக ஒரு பொருள் வேண்டும். சோப்பு அப்படிப்பட்டது. சோப்பு மூலக்கூறின் தலை நீரை விரும்பும், வால் எண்ணெயை விரும்பும். சாதாரணச் சோடியம் சோப்பைப் போட்டால் எண்ணெய் துளிகளாகி நீரில் மிதக்கும். அதிலே கால்சியம் போன்ற இரண்டு இணைதிறனுள்ள உலோகத்தின் உப்பைச் சேர்த்தால், சோப்பு கால்சியம் சோப்பாகிவிடும். இது நீரில் கரையாது, எண்ணெயோடுதான் சேரும். உடனே பால்மம் தலைகீழாகும். நீர் துளியாகி எண்ணெயில் மிதக்கத் தொடங்கும். ஆற்றுத் தண்ணீரில் குளித்தால் நுரைக்கிற சோப்பு, கடின நீருள்ள கிணற்றடியில் நுரைக்காமல் வெள்ளைக் கசடாகத் திரிகிறதே, அந்தக் கசடும் பெரும்பாலும் இதே கால்சியம் சோப்புதான்.

இரண்டு, மூன்று இணைதிறன் உள்ள உலோகங்களின் இத்தகைய சோப்புகளைத்தான் பட்நாகர் ஆராய்ந்தார். அதில் அவருக்கு ஒரு தொல்லை. பால்மம் எப்போது தலைகீழானது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு வகையும் பார்ப்பதற்கு வெள்ளையாகத்தான் இருக்கும். இங்கேதான் இயற்பியல் வாத்தியாராகிய எனக்கு அவரைப் பிடித்துப்போனது. அவர் மின்சாரத்தைத் துணைக்கு அழைத்தார். உப்பு கரைந்த நீர் மின்சாரத்தைக் கடத்தும், எண்ணெய் கடத்தாது. பரந்த வெளியாக இருப்பது நீரானால் மின்சாரம் பாயும். எண்ணெயானால், நீர்த்துளிகள் எத்தனை இருந்தாலும் அவை தனித்தனித் தீவுகள். மின்சாரம் தாண்ட முடியாது. கடத்தும் திறன் சட்டென்று விழும் இடம்தான் தலைகீழான இடம்.

இதை வகுப்பில் செய்துகாட்டப் போய் ஒருமுறை நான் அவமானப்பட்டேன். ஒரு கிண்ணத்தில் பாலேடு, ஒரு கிண்ணத்தில் வெண்ணெய், இரண்டு ஆணி, பேட்டரி, டார்ச்சு பல்பு. “பாலேட்டில் வைத்தால் பல்பு எரியும், பாருங்கள்” என்றேன். எரியவில்லை. பின் வரிசையில் சிரிப்பு. பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டபோது என் தப்பு புரிந்தது. டார்ச்சு பல்புக்குக் கால் ஆம்பியர் அளவில் மின்னோட்டம் வேண்டும். ஆணிகளுக்கு இடையே உள்ள பாலின் மின்தடையோ சில நூறு ஓம். அந்தப் பேட்டரியால் சில மில்லி ஆம்பியர்தான் தரமுடியும். மறுநாள் 9 வோல்ட் பேட்டரியும் சிவப்பு எல்.இ.டி. விளக்கும் கொண்டு போனேன். பாலேட்டில் ஒளிர்ந்தது, வெண்ணெயில் அணைந்தது. நீங்கள் செய்வதானால் உப்புப் போடாத வெண்ணெயை எடுத்து, இடுக்கில் நிற்கும் மோர் போகக் கழுவிப் பிசைந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் மோர் வழியாக மின்சாரம் பாய்ந்து உங்களையும் என்னைப் போல் ஆக்கிவிடும்.

இறுகிப்போன சேறு

இலண்டனிலிருந்து திரும்பிய பட்நாகர் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டுகள் பணியாற்றி, 1924இல் லாகூருக்குச் சென்றார். அங்கே தொழிற்சாலைக்காரர்கள் அவரைத் தேடி வரத் தொடங்கினார்கள். ராவல்பிண்டியிலிருந்து வந்தது அட்டாக் எண்ணெய்க் கம்பெனியின் பிரச்சினை.

எண்ணெய்க் கிணறு தோண்டும்போது சேறு ஓர் இன்றியமையாத கருவி என்றால் வியப்பாக இருக்கும். துளையிடும் குழாய் உள்ளே பொள்ளலாக இருக்கும். அதன் வழியாகக் களிமண் குழம்பை மேலிருந்து அழுத்தி அனுப்புவார்கள். குழம்பு துளைமுனையில் வெளிப்பட்டு, அதைக் குளிர்வித்து, வெட்டப்பட்ட கல் துணுக்குகளைச் சுமந்துகொண்டு குழாயின் வெளிப்பக்கமாக மேலே ஏறிவரும். அதன் எடை கீழிருந்து எண்ணெயும் வாயுவும் பீறிட்டு வராமல் தடுக்கும். அதனால் இந்தக் குழம்பு ஓடவும் வேண்டும், துகள்கள் பிரிந்து படியவும் கூடாது.

அட்டாக் கம்பெனியார் தோண்டிய இடத்தில் பூமிக்கு அடியில் உப்பு நீர் இருந்தது. புன்னைக்காயலை நினைத்துக்கொள்ளுங்கள். உப்பு நீர் பட்டதும் சேறு திரண்டது. திரண்டதோடு நில்லாமல் இறுகியும் போனது. துளையிடும் வேலை நின்றது.

பெரிய யந்திரம் வைத்து இடிப்பதா, வேறு இடத்தில் தோண்டுவதா என்று யோசிக்க வேண்டிய சிக்கலை, பட்நாகர் வேறு கண்ணால் பார்த்தார். இது யந்திரச் சிக்கல் அல்ல, கூழ்மச் சிக்கல் என்று கண்டார். இலண்டனில் எண்ணெய்த் துளிகளைச் சோப்பு காத்தது போல, இங்கே மண் துகள்களைக் காக்க ஒன்று வேண்டும். அவர் சேர்த்தது இந்திய மரப்பிசின்.

பிசினைச் சேர்த்தால் குழம்பு இன்னும் கெட்டியாகும் என்றுதானே நினைப்போம்? நேர்மாறாக, குழம்பு இளகியது. அதன் பாகுநிலை குறைந்தது. அதோடு உப்பின் தாக்குதலைத் தாங்கும் சக்தியும் வந்தது. காரணம் இதுதான். களிமண் தகடுகளின் முகப்பில் எதிர்மின்னூட்டம் என்றேன். விளிம்பிலோ நேர்மின்னூட்டம் இருக்கக்கூடும். ஆகவே ஒன்றின் விளிம்பு மற்றொன்றின் முகப்பில் ஒட்டி, நீங்கள் சீட்டுகளைச் சாய்த்துக் கட்டும் வீடு போன்ற ஓர் அமைப்பு உண்டாகிறது. அந்த வீட்டுக்குள் தண்ணீர் சிறைப்படுவதால்தான் குழம்பு இறுகுகிறது. பிசினின் சங்கிலிகள் தகடுகளின் மேல் போய்ப் படிந்துகொண்டால், ஒட்டுவதற்கு இடம் இல்லை. சீட்டுவீடு சரிந்துவிடும். சிறைப்பட்ட தண்ணீர் விடுபடும். குழம்பு ஓடும். உப்பு அயனிகள் மின்னூட்டத்தை மறைத்தாலும், தண்ணீரை விரும்பும் பிசின் சங்கிலிகள் இடையில் மெத்தை போல் நின்று துகள்களை நெருங்க விடுவதில்லை.

தேற்றாங்கொட்டையும் சங்கிலி மூலக்கூறு, பிசினும் சங்கிலி மூலக்கூறு. ஒன்று சேர்க்கிறது, மற்றது பிரிக்கிறது. இது பொருளை மட்டும் பொறுத்ததன்று, அளவையும் பொறுத்தது. பிரிக்கிற பிசினைக்கூட மிகக் கொஞ்சமாகப் போட்டால், துகளை முழுக்க மூட அது போதாமல், சில சமயம் பாலமாக அமைந்து திரட்டிவிடும். பட்நாகரின் திறமை பிசினைக் கண்டதில் இல்லை. பிசின் எந்தக் கடையிலும் கிடைக்கும். எண்ணெய்க் கிணற்றுச் சேற்றையும் சோப்பு நுரையையும் ஒரே பாடமாகப் பார்த்ததில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஒன்றரை லட்சம்

கம்பெனிக்கு மிக்க மகிழ்ச்சி. அதன் சார்பில் இலண்டன் ஸ்டீல் பிரதர்ஸ் நிறுவனம் ஆராய்ச்சிக்கென்று ஒன்றரை லட்சம் ரூபாய் தர முன்வந்தது. அந்தக் காலத்து ஒன்றரை லட்சம்! பட்நாகர் அதைத் தம் கைக்கு வாங்கிக்கொள்ளவில்லை. பல்கலைக்கழகத்தின் வழியாக வரச்செய்து, பெட்ரோலிய ஆராய்ச்சிக்கென்று ஒரு துறையை அங்கே ஏற்படுத்தினார். அதில் இளைஞர்கள் ஆராய்ச்சி செய்தார்கள். மெழுகின் நாற்றத்தைப் போக்குவது, மண்ணெண்ணெய் விளக்கின் சுடரை உயரச் செய்வது, எண்ணெய் ஆலைக் கழிவுகளைப் பயன்படுத்துவது என்று வேலைகள் விரிந்தன. தூய அறிவியல் செய்கிறவர் கம்பெனி வேலையில் இறங்கலாமா என்ற கேள்வி இன்றைக்கும் கல்லூரி ஆசிரியர் அறைகளில் காப்பியோடு பேசப்படுவது. அவர் தொழிலுக்கு உழைத்த அதே ஆண்டுகளில் காந்தவியலையும் விடவில்லை. மாத்தூருடன் சேர்ந்து 1928இல் காந்தப் பண்புகளை அளக்கும் நுண்ணிய தராசு ஒன்றை அமைத்தார். 1935இல் காந்த வேதியியல் பற்றிய நூல் ஒன்றும் வெளிவந்தது.

செல்லுலோஸிலும் அவருக்கு ஈடுபாடு உண்டு. உண்மையில் அவர் எடுத்துக்கொண்ட முதல் தொழிற் சிக்கலே அதுதான். பஞ்சாபின் பெரிய கொடையாளரும் எஞ்சினியருமான சர் கங்காராம் என்பவருக்காகக் கரும்புச் சக்கையை மாட்டுத் தீவனமாக்கும் முறையை வகுத்தார். சக்கையில் பெரும்பகுதி செல்லுலோஸ். ஸ்டார்ச்சும் செல்லுலோஸும் குளுக்கோஸ் கண்ணிகளால் ஆன சங்கிலிகளே. கண்ணிகள் கோக்கப்பட்ட விதம் மட்டும் வேறு. அந்தச் சிறு வேறுபாட்டால் கோதுமைப் பாலின் ஸ்டார்ச்சு நமக்கு அல்வாவாகிறது, கோரையின் செல்லுலோஸ் பத்தமடையில் பாயாகிறது. பாயை நம்மால் தின்ன முடியாது. மாட்டின் இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்கள் மட்டும் அந்தச் சங்கிலியை அறுக்கும். கரும்புச் சக்கையிலிருந்து இன்று கரூர் மாவட்டம் புகளூரில் காகிதம் செய்கிறார்கள்.

1942இல் அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் குழு அமைக்கப்பட்டபோது அதன் தலைமைப் பொறுப்பு பட்நாகருக்கு வந்தது. நாடெங்கும் அவர் எழுப்பிய ஆய்வுக்கூடங்களில் ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, காரைக்குடியில் 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கலன்று, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. பதினேழு வயதில் பாகிலிருந்து மின்கலத் தண்டு செய்ய நினைத்தவர், மின்கலங்களையே ஆராயும் நிலையம் திறக்கப்பட்டதைப் பார்த்தார். 1955 ஜனவரி முதல் நாள் காலமானார்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரே அளவான மூன்று கண்ணாடிக் குவளைகள். குளத்துக் களிமண்ணை மழைநீரில் நன்றாகக் கரைத்து, மணல் அடியில் தங்கியபின் மேலே உள்ள கலங்கலை மட்டும் மூன்றிலும் சமமாக ஊற்றுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீர் வேண்டாம். அதிலுள்ள கால்சியமே சேற்றைத் திரட்டிவிடும்.

கருவேலம் பிசினைப் பொடித்து வெந்நீரில் கரைத்துத் துணியில் வடிகட்டி வைத்துக்கொள்ளுங்கள். நாட்டுக் கருவேல மரத்தின் பிசின் வேண்டும், சீமைக் கருவேலம் அல்ல. பாதாம் பிசினும் உதவாது. அது கரையாமல் ஊதிக்கொண்டு நிற்கும்.

முதல் குவளையை அப்படியே விடுங்கள். இரண்டாவதில் அரைத் தேக்கரண்டி கல்லுப்பைத் தூளாக்கிப் போட்டுக் கலக்குங்கள். மூன்றாவதில் முதலில் இரண்டு தேக்கரண்டி பிசின் கரைசல், கலக்கிச் சிறிது நேரம் பொறுத்து அதன்பின் அதே அளவு உப்பு. இந்த வரிசை முக்கியம். உப்பு முந்திக்கொண்டால் துகள்கள் ஏற்கெனவே ஒட்டியிருக்கும், பிசினுக்கு வேலை இராது. மூன்றாவது குவளையும் இரண்டாவதைப் போலவே சீக்கிரம் தெளிந்துவிட்டால் பிசின் போதவில்லை என்று பொருள். அளவை இரட்டித்து மறுபடி செய்யுங்கள். பின்னால் ஒரு செய்தித்தாளை நிறுத்திவைத்து, ஒவ்வொரு குவளையின் வழியாகவும் எழுத்து தெரிய எத்தனை மணி ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தேற்றாங்கொட்டை நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். கிடைத்தால் நான்காவது குவளையும் வைக்கலாம்.